குடியிருக்க ஒரு தெரு

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் யாவர்க்கும் இன்றியமையாதன என்று பள்ளியில் பாடம் சொல்லி வருகிறோம். முன்னிரண்டைக் குறித்து நம் சமுதாயத்தார் பேசியதும் போராடியதும் மிகுதி. மூன்றாவதைப் பற்றிப் பேசப் புகுந்தால் வீடு, மனை, பட்டா என்ற அளவிலேயே நின்றுவிடுகிறோம். ஆயின் உறையுள் என்பது நான்கு சுவர் மட்டுமன்று. அவ்வீடு எந்தத் தெருவில் நிற்கிறது, தெருக்குழாயில் எப்போது நீர் வருகிறது, பள்ளி எவ்வளவு தொலைவு, அண்டை வீட்டார் நம் பிள்ளைகளை உள்ளே அழைக்கிறார்களா என்பனவெல்லாம் சேர்ந்ததே குடியிருப்பு.

கரியாலூரிலிருந்தும் அதனை அடுத்த ஊர்களிலிருந்தும் கச்சிராயபாளையம் வழியே மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கும், அங்கிருந்து சேலம், சென்னை, பெங்களூர் முதலிய நகரங்களுக்கும் இளைஞர்கள் வேலையின் பொருட்டுச் செல்கின்றனர். முதலில் தனியே சென்று நண்பர் அறையில் தங்குகின்றனர். திருமணமாகிக் குழந்தை பள்ளி செல்லும் வயதை எட்டியதும், "ஐயா, குடும்பத்தோடு இருக்க எந்தப் பக்கம் நல்லது?" என்று நம்மிடம் வந்து கேட்கின்றனர். வீட்டுத் தரகர் இதற்கு ஒரு நொடியில் விடை சொல்லிவிடுவார். நமக்கு அவ்வளவு எளிதாக விடை வருவதில்லை. இக்கேள்வியைக் கேட்கும் உரிமையே நம் முன்னோர்க்கு நெடுங்காலம் இருந்ததில்லை. இன்ன இடத்தில் இரு என்று பிறர் சொன்னார்கள், இருந்தோம். அவ்வரலாற்றைச் சிறிது அறிந்தால் விடையும் ஓரளவு புலப்படும் என்பதே இக்கட்டுரை எழுதக் காரணம்.

சேரி என்ற சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். இச்சொல் தொடக்கத்தில் நம்மை மட்டும் குறித்ததன்று. முதற் பராந்தகச் சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டில் அந்தணர் வாழ்ந்த பகுதிகளும் சேரி என்றே குறிக்கப்பட்டுள்ளன. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் கம்மாணசேரி, பறைச்சேரி என்பவற்றோடு தீண்டாச்சேரி என்ற பெயரும் வந்துவிடுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருப்பிடத்தைக் கொண்டு மனிதரை அளக்கும் வழக்கம் கல்லில் ஏறிவிட்டது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. பின்னாளில் ஏனையோர் தம் சேரிகளைத் தெரு என்றும் அக்கிரகாரம் என்றும் அழைத்துக்கொண்டனர். சேரி என்ற சொல் நம்மிடம் தங்கிவிட்டது.

நகரம் என்று வரும்போது சென்னையைத்தான் முதலில் நோக்க வேண்டும். 1640இல் ஆங்கிலக் கும்பினியார் அங்குக் கோட்டை எழுப்பத் தொடங்கியது முதல், அவர்களுக்குச் சமையற்காரராகவும் பட்லராகவும் குதிரைக்காரராகவும் சுமைதூக்குவோராகவும் படைவீரராகவும் நம்மவர் வேலை செய்தனர். கறுப்பர் நகரம் என்று வழங்கி, இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் பகுதியில், அவர்கள் வாழ்ந்த இடம் 'பெரிய பறைச்சேரி' எனப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அங்கிருந்தோர் தம் குடியிருப்பைக் காத்துக்கொள்ளக் கும்பினி அரசுக்கு மனுக்கள் எழுதியுள்ளனர். எழுத்தறியாக் கூட்டம் என்று பிறர் நம்மை எண்ணிய காலத்திலேயே, எழுதத் தெரிந்தவரைத் தேடிப் பிடித்து, தம் தெருவுக்காக மனுப்போட்டவர்கள் அவர்கள். நம் இளைஞர்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

வெள்ளையர் தோட்டவீடுகள் ராயப்பேட்டை, தேனாம்பேட்டைப் பக்கம் பரவியபோது வேலைக்காரக் குடும்பங்களும் அவற்றை ஒட்டியே குடியேறின. வேலைக்கு நடந்து செல்லும் தொலைவில் வீடு என்பதே அன்றைய கணக்கு. ஆயினும் அதிலிருந்து வேறொரு பயன் விளைந்தது. பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை ராயப்பேட்டையிலிருந்துதான் நடத்தினார். சாக்கிய பௌத்த சங்கமும் அங்கேயே இயங்கியது. கர்னல் ஆல்காட் 1894இல் அடையாறுக்கு அருகே நம் பிள்ளைகளுக்கு ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தார். பின்னர்த் தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், மயிலாப்பூர்ப் பக்கங்களிலும் அத்தகைய பள்ளிகள் எழுந்தன. வேலைக்காக வந்து தங்கிய இடம், பள்ளி வந்தபின் குடும்பம் வாழும் இடமாயிற்று.

வடசென்னையின் கதை வேறு. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரு துணி ஆலைகள் இருந்தன. ஆலைச் சங்கு கேட்கும் தொலைவில், புளியந்தோப்பில், ஆதிதிராவிடத் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. 1921இல் பெரும் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றனர். அது சரியா தவறா என்பது குறித்து இன்றளவும் இருவகைக் கருத்துகள் உள்ளன. ஒரு வாரக் கூலி நின்றால் அடுப்பு அணையும் வீட்டிலிருந்து வேலைநிறுத்தத்தைப் பார்ப்பது வேறு என்பதை மட்டும் நாம் சொல்லுவோம். அவ்வாண்டு ஜூன் 28இல் புளியந்தோப்பில் குடிசைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. மோதல்கள் மாதக்கணக்கில் நீடித்தன. வீடிழந்த குடும்பங்களுக்கு அரசு வியாசர்பாடியில் முகாம் அமைத்தது. அரசு அம்மக்களுக்குச் சலுகை காட்டுவதாக நீதிக்கட்சித் தலைவர்கள் சிலர் குறை கூறினர். பெருந்தலைவர் எம்.சி.ராஜா மனங்கசந்து 1923இல் அக்கட்சியை விட்டு வெளியேறியதற்கு இதுவும் ஒரு காரணம். நாம் ஈண்டுக் கருதத் தக்கது ஒன்றுண்டு. ஒரே இடத்தில் கூடி வாழ்ந்தமையால் அக்குடும்பங்களுக்கு ஒருவர்க்கொருவர் துணை கிடைத்தது. யாரைத் தாக்குவது என்று தேடியவர்க்கும் இடம் தெரிந்திருந்தது.

இக்கூற்று நமக்குத் தொலைவானதன்று. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் நடந்த கலவரத்தில் நம்மவர் 12 பேர் கொல்லப்பட்டனர். அங்கும் நம் மக்கள் வாழ்ந்த பகுதிக்குப் பெரிய பறைச்சேரி என்றே பெயர்.

இனி மகிழ்ச்சியோடு சொல்லத்தக்க ஓரிடம்: கோலார் தங்கவயல். 1880களில் சுரங்கத் தொழில் பெருகியபோது வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம்மவர் பெருந்தொகையினராக அங்குச் சென்றனர். ஊரில் பண்ணையாளாய் இருந்தவன், பூமிக்கடியில் உயிரைப் பணயம் வைத்தாலும், மாலையில் மேலே வந்தால் கையில் கூலியோடு வந்தான். குடியிருக்கக் கம்பெனி கொடுத்தது மூங்கில் தட்டி வைத்த லைன் வீடுகள். நிமிர்ந்து நின்றால் கூரை தட்டும் என்பர். வசதி என்று கூற ஒன்றுமில்லை. ஆனால் அந்த லைன்களில் ஊர் இல்லை. எனவே ஊருக்கு வெளியே என்பதும் இல்லை. மாரிகுப்பத்தில் 1907இல் பௌத்த சங்கம் தோன்றியது. சாம்பியன் ரீஃப்பில் சித்தார்த்தா புத்தகசாலை நூல்களை அச்சிட்டு வெளியிட்டது. பெரியவர் ஜி.அப்பாதுரையார் போன்ற அறிஞர்கள் அங்கு வாழ்ந்து தொண்டாற்றினர். அயோத்திதாசரின் இதழுக்குப் பெருந்துணையாய் இருந்தவர்களும் அவ்வயல் தொழிலாளரே. கம்பெனி சுவர்களைக் கொடுத்தது. குடியிருப்பை ஆக்கியவர்கள் தொழிலாளர்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின்னும் பல குடும்பங்கள் ஊரை விட்டுப் போகவில்லை. நாள்தோறும் விடியலில் இரயிலேறிப் பெங்களூர் சென்று வேலை செய்து இரவில் திரும்புவோர் ஆயிரக்கணக்கினர். நாளில் நான்கைந்து மணி நேரத்தை இரயிலில் கழித்தாலும் அத்தெருவை விட அவர்களுக்கு மனமில்லை. வாடகைக் கணக்கில் அடங்காத ஏதோ ஒன்று அங்கே கிடைத்திருக்கிறது.

அது யாது என்பதை இரட்டைமலை சீனிவாசனார் வாழ்விலிருந்து அறியலாம். 1939இல் வெளியான தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயமுத்தூரில் தாம் படித்த நாள்களை அவர் குறிப்பிட்டுள்ளார். உடன் பயின்றோர் பெரும்பாலும் உயர்சாதியார். தம் சாதியும் வீடும் உறவினரும் இன்னார் என்று தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, அவர் யாரோடும் கூடி விளையாடாமல், மணியடிக்கும் வரை வெளியே இருந்து படித்துக்கொண்டிருப்பாராம். பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நமக்காக வாதாடிய நாவலர், இளமையில் தம் வீடு எங்கே என்று சொல்ல இயலாத மாணவராய் இருந்தார்.

அண்ணல் அம்பேத்கர் பட்டதும் இதுவே. 1917இல் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று திரும்பி, பரோடா அரசில் பணியேற்கச் சென்றவருக்கு அந்நகரில் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் வைத்துக்கொண்டு தங்கினார். பதினொன்றாம் நாள் தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. நண்பர் இருவரை நாடினார். இருவரும் ஏதோ ஒரு காரணம் சொல்லி ஏற்கவில்லை. பொதுப் பூங்காவில் பல மணி நேரம் அமர்ந்திருந்துவிட்டு இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார். அங்கே பரேலில் தொழிலாளர் நெருங்கி வாழும் அடுக்ககத்தில் சிறு அறைகளில் பல்லாண்டு குடும்பத்தோடு வாழ்ந்தவர், 1930களில் தாதரில் தமக்கென ஒரு வீடு எழுப்பினார். நூல்கள் வைப்பதற்கென்றே இடம் வகுத்துக் கட்டிய அவ்வீட்டிற்கு, புத்தர் பெருமான் உலவிய நகரின் பெயரால் ராஜகிருகம் என்று பெயரிட்டார். அவ்வீடு அமைந்த பகுதியின் பெயர் இந்து காலனி. படித்த உயர்சாதிக் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி அது. பெயரை மறைத்துத் தங்கிய விடுதியிலிருந்து துரத்தப்பட்டவர், வாயிலில் தம் பெயரோடு அங்குக் குடியேறினார்.

காலனி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பெருநகரில் காலனி என்றால் மதிப்பான இடம். வங்கி ஊழியர் காலனி, ஆசிரியர் காலனி என்று பெருமையாகச் சொல்வார்கள். நம் மாவட்டத்துச் சிற்றூர்களில் அதே சொல்லின் பொருள் எல்லாரும் அறிந்தது. 1920களில் தொழிலாளர் ஆணையர் துறை நம் மக்களுக்கு மனை வாங்கிக் கொடுக்கத் தொடங்கியது; விடுதலைக்குப் பின் அரசு வீடுகளும் கட்டிக் கொடுத்தது. நல்ல பணிதான். ஆனால் அம்மனைகளும் பெரும்பாலும் ஊருக்கு அப்பாலேயே அமைந்தன. பலகையில் மட்டும் சேரி போய்க் காலனி வந்தது. தமிழ்நாடு அரசின் ஆவணங்களிலிருந்து காலனி என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வரவேற்போம். ஆயின் வீடு கேட்டுச் செல்பவனிடம் "எந்தத் தெரு?" என்று கேட்பவர் ஆவணத்தைப் பார்த்துக் கேட்பதில்லை.

நம் வாழ்வில் நேர்ந்த ஒன்றைச் சொல்லாமல் இப்பகுதியைக் கடக்க இயலவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரில் பணியேற்று வீடு தேடினோம். முதல் வீட்டில் முன்பணம் கொடுத்து மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. இரண்டாம் வீட்டில் நாம் எச்சரிக்கையாகி விட்டோம். ஊர்ப்பெயரை மட்டும் சொன்னோம். தெருவைக் கேட்டபோது பேச்சை மாற்றினோம். இரண்டாம் வகுப்புப் படித்த நம் மகளிடமும், யாரேனும் கேட்டால் இன்னவாறு சொல் என்று சொல்லிவைத்தோம். பள்ளியில் உண்மை பேச வேண்டும் என்று கற்பித்துவிட்டு மாலையில் வீட்டில் இதனைக் கற்பித்தோம். எட்டு மாதம் கழித்து ஊரிலிருந்து நம் தாயார் ஒரு பை நிலக்கடலையோடு வந்தார். திண்ணையில் அமர்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு அம்மையார் விசாரிக்க, தாயார் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். இரவில் நாம் சற்றுக் கடிந்துகொண்டோம். "பொய் சொல்லவாடா என்னைய பஸ் ஏத்திக் கூட்டியாந்த?" என்று கேட்டார். நம்மிடம் மறுமொழி இல்லை. அடுத்த மாதம், தம் மகன் வருவதாகச் சொல்லி வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். மகன் வந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாம் வீட்டைத் தேடும்போது முதலிலேயே சொல்லிவிட்டோம். ஏழு வீடுகள் கைவிட்டுப் போயின. எட்டாவது, பேருந்து நிலையத்திலிருந்து தொலைவு. வாடகையும் சற்று மிகுதி. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர். "வாடகை அஞ்சாந் தேதி தவறக்கூடாது, அவ்வளவுதான்" என்றார். ஆறாண்டு அங்கிருந்தோம். தாயார் வந்தால் திண்ணையில்தான் இருப்பார்.

சட்டம் நமக்குத் துணையில்லையா எனலாம். உண்டு. தீண்டாமைக் குற்றச் சட்டமாக 1955இல் இயற்றப்பட்டு, 1976 முதல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் வழங்கும் சட்டத்தின் நான்காம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு கட்டவோ வாங்கவோ அதில் குடியிருக்கவோ ஒருவரைத் தீண்டாமையின் பேரால் தடுப்பதைக் குற்றம் என்கிறது. இதனை அறிந்தோர் நம்மில் சிலரே. அறிந்தும் பயன் குறைவு. "வீடு முன்னமே பேசி முடிந்துவிட்டது" என்ற ஒரு வாக்கியம் போதும், வழக்கு நிற்காது. அமெரிக்காவிலும் கறுப்பின மக்கள் இந்த வாக்கியத்தைத்தான் கேட்டு வந்தனர். மார்ட்டின் லூதர் கிங் 1966இல் சிகாகோவின் ஏழைப் பகுதியில் வாடகை வீட்டில் குடும்பத்தோடு குடியேறி இக்கொடுமையை நாடறியச் செய்தார். 1968இல் அவர் கொல்லப்பட்ட சில நாள்களில் வீட்டு வசதியில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அங்கே ஒரு கறுப்பரையும் ஒரு வெள்ளையரையும் ஒரே வீட்டைக் கேட்க அனுப்பிச் சோதிக்கும் முறை உண்டு. அதனைச் சான்றாகக் கொண்டு வழக்குத் தொடுக்கலாம். நம் நாட்டிலும் பேராசிரியர் சுகதேவ் தோரட் குழுவினர் டில்லிச் சுற்றுப்புறத்தில் இத்தகைய ஆய்வு நடத்தி 2015இல் வெளியிட்டனர். உயர்சாதிப் பெயருக்கு எளிதில் கிடைத்த வீடு தலித் பெயருக்கு மறுக்கப்பட்டது. முஸ்லிம் பெயருக்கு இன்னும் மிகுதியாக மறுக்கப்பட்டது. ஆய்வாக நின்றதேயன்றி அது வழக்காக மாறவில்லை.

வாடகைக்கே வழியில்லாதோர் நிலை வேறு. 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடு கட்டித் தருவது முதன்மையான முறையாய் இருந்தது. வேலையும் பள்ளியும் கைவிட்டுப் போகவில்லை. பிற்காலத்தில் நகருக்கு வெளியே கொண்டுபோய்க் குடியேற்றும் முறை வலுத்தது. 2000இல் கண்ணகி நகர், பின்னர்ச் செம்மஞ்சேரி, அதன்பின் 20,000க்கும் மேற்பட்ட வீடுகளோடு பெரும்பாக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல, கல்வியாண்டின் நடுவிலேயே பெரும்பாக்கம் சென்றன. சென்னையின் நடுவே வீட்டுவேலை செய்த தாய்க்கு வேலையிடம் 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போயிற்று. ஆண்டின் நடுவே பள்ளி மாறிய பிள்ளை என்ன ஆகும் என்பதை ஆசிரியராகிய நாம் பலமுறை கண்டுள்ளோம். முதலில் வருகைப் பதிவேட்டில் இடைவெளி விழும், பிறகு பெயரே அடிபடும். முகவரியைச் சொன்னாலே வேலை மறுக்கப்படுவதாகவும் அப்பகுதி இளைஞர்கள் கூறி வந்துள்ளனர். ஆயினும் 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகர் மாணவி ஒருத்தி இருந்தாள். தன்னைக் கண்ணகி நகர்ப் பெண் என்றே அழைக்குமாறு அவள் கேட்டுக்கொண்டதைச் செய்தித்தாளில் கண்டபோது, கோயமுத்தூரில் மணியோசைக்காக வெளியே காத்திருந்த அம்மாணவர் நம் நினைவிற்கு வந்தார்.

இனி, நம்மிடம் கேட்கும் இளைஞர்களுக்கு. நம்மவர் தெருவிலா, கலந்து வாழும் தெருவிலா என்று ஒரே விடையாகச் சொல்ல நம்மால் ஆகாது. புளியந்தோப்பும் உண்டு, தங்கவயலும் உண்டு. கலந்த தெருவே பிள்ளைகளுக்கு நல்லது என்று ஒரு காலத்தில் உறுதியாகச் சொல்லி வந்தோம். நம் மகளுக்குச் சொல்லிவைத்ததை நினைத்தபின் அவ்வுறுதி தளர்ந்துவிட்டது. சாதியை மறைத்தால்தான் கிடைக்கும் வீடு, எத்துணைக் குறைந்த வாடகைக்கு வந்தாலும், எவ்வளவு நல்ல பள்ளிக்கு அருகில் இருந்தாலும் வேண்டா. மற்றவற்றில் விட்டுக்கொடுக்கலாம். முன்பணம் கொடுக்குமுன் தண்ணீர் வரும் நேரத்தில் ஒருமுறை சென்று குழாயடியில் நின்று பாருங்கள்; அத்தெருவைப் பற்றித் தரகர் சொல்லாததெல்லாம் அங்கே தெரியும். பள்ளிக்குப் பிள்ளையின் கையைப் பிடித்து ஒருமுறை நடந்து பாருங்கள். பெரியவர் கணக்கில் பத்து நிமிடம் என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கு இருபது நிமிடம். அரசுப் பள்ளி அருகில் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சம் வேண்டா. மழைக்காலத்தில் அத்தெருவில் நீர் எங்கு நிற்கும் என்று அங்குள்ள பெட்டிக்கடைக்காரரைக் கேளுங்கள். ஊரிலிருந்து தாய் தந்தையர் வந்தால் வாயிலில் அமர்ந்து யாருடனும் பேசலாமா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வி உதவி கொடுத்து அனுப்பிய பிள்ளைகள் இன்று பல நகரங்களில் குடும்பத்தோடு வாழ்கின்றனர். சாதி கேளாமல் வீடு விடும் தெருக்கள் எவை, எந்தப் பள்ளி, என்ன வாடகை, யாரைப் பார்த்தால் வழிகாட்டுவார் என்பதை அவர்களிடமிருந்து எழுதி வாங்கிச் சங்கத்தில் ஒரு பதிவேடு வைக்கலாம். அடுத்த ஆண்டு வேலைக்குச் செல்பவன் ஏழு வாயிலில் நின்று திரும்ப வேண்டியதில்லை. அப்பதிவேட்டில் எழுத நம்மிடம் ஒரு தெருவின் பெயர் இருக்கிறது. வீட்டுக்காரர் இப்போது இல்லை. வீட்டை அவர் மகள் வாடகைக்கு விடுகிறார். விசாரித்தோம், ஐந்தாம் தேதிக்குள் வாடகை, அவ்வளவுதான் என்றார்.